வாசகர் கேள்வி பதில்: தோட்டத்தை விட்டு வந்த மாமியாரும் என் ஸ்டுட்கார்ட் பாட்டியும்

போன மாதம் ஒரு பதிலில், என் கணவர் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்தில் பொறியியல் படித்த காலத்தில் எங்களுக்கு ஓர் அறையை உள்வாடகைக்குக் கொடுத்த பாட்டியைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். விவசாய வீட்டில் பிறந்து, பருப்புச் சாப்பிட்டு வளர்ந்து, முப்பது வயதில் நகரத்துக்கு வந்தவர், அவருடைய ஊரான குரூவோர்ன் மக்கள் இன்றும் வருடா வருடம் கூடுவார்கள் என்று மட்டும்தான் சொன்னேன். அதற்கே இவ்வளவு கடிதங்கள். ஆகவே இந்த மாதப் பக்கம் முழுவதும் அவருக்கே.

அக்கா, என் மாமியாருக்கு வயது 74. சித்தியவான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கல்யாணமான நாளிலிருந்து பால் வெட்டியவர். தோட்டம் கைமாறி, லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுகளை) இடித்துவிட்டார்கள். இப்போது எங்களோடு அடுக்குமாடி வீட்டில், 14ஆவது மாடியில் இருக்கிறார். தனி அறை, டிவி, வேளாவேளைக்குச் சாப்பாடு என்று ஒரு குறையும் வைக்கவில்லை. ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை. அப்படியும் முகம் கொடுத்துப் பேசமாட்டேன் என்கிறார். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து பாத்திரத்தை உருட்டுகிறார். வெளி நடைபாதையில் பெயிண்ட் டின்களில் முருங்கையும் கருவேப்பிலையும் வைத்து, நிர்வாகத்திடமிருந்து கடிதமும் வந்துவிட்டது. உங்கள் ஜெர்மன் பாட்டி எப்படித்தான் நகரத்துக்குப் பழகினார்?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

தங்கச்சி, உங்கள் கடிதத்தில் 'ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை' என்ற வரியின் கீழ் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அதைப் பிறகு பேசுவோம். முதலில் பாட்டியைச் சொல்கிறேன்.

பாட்டி 1909ல் குரூவோர்ன் என்ற ஊரில் பிறந்தவர். தென்மேற்கு ஜெர்மனியில் ஸ்வேபிய ஆல்ப் என்று ஒரு மேட்டு நிலம் இருக்கிறது. முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் பாறைக்குள் இறங்கிப்போகும். மேலே ஓடைகூட நிற்காது. அந்த மேட்டு ஊர்களில் களிமண் பூசிய குட்டைத் தண்ணீர் மாட்டுக்கு, கூரையிலிருந்து பிடித்த மழைத் தண்ணீர் மனிதருக்கு. கோடை முற்றினால் கீழே பள்ளத்தாக்கிலிருந்து வண்டியில் பீப்பாய் பீப்பாயாக ஏற்றி வர வேண்டும். பள்ளத்தாக்குத் தண்ணீரைப் பம்பு வைத்து மேட்டுக்கு ஏற்றும் குழாய் 1871ல்தான் முதல் ஊருக்கு வந்தது. பாட்டியின் பாட்டி அந்தப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவர். அந்தப் பயம் ரத்தத்தில் இறங்கியிருக்க வேண்டும். ஸ்டுட்கார்ட் வீட்டில் குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டும். இருந்தும் பாட்டி காய் கழுவிய தண்ணீரைச் சட்டியில் பிடித்து வைத்துச் செடிக்கு ஊற்றுவார். நானும் நிபோங் திபால் பக்கம் லயத்தில் பிறந்து, பொதுக் குழாயடியில் வாளியோடு வரிசையில் நின்றவள். அந்தச் சட்டியைப் பார்த்தவுடனே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

ஊரில் அவருடைய நாள் மாட்டுக் கொட்டகையில் தொடங்கும். விடியுமுன் பால் கறப்பு, சாணி அள்ளல், பிறகு அடுப்பு, பிறகு வயல். உருளைக்கிழங்கு, ஓட்ஸ், பருப்பு. ரொட்டியை வீட்டில் சுடமாட்டார்கள். ஊருக்குப் பொதுவாக ஒரு சூளை வீடு. சீட்டுக் குலுக்கி, யாருக்கு எந்த நேரம் என்று முறை வைத்துக்கொள்வார்கள். முதலில் சுடுகிறவருக்குச் சூளையைச் சூடேற்ற விறகு அதிகம் செலவாகும் என்பதால்தான் அந்தக் குலுக்கல். இதையெல்லாம் பாட்டி நேற்று நடந்தது மாதிரி சொல்வார்.

அந்த ஊருக்குப் பக்கத்தில் மூன்சிங்கனில் 1895லிருந்தே ராணுவப் பயிற்சித் திடல் ஒன்று இருந்தது. 1937ல், ஹிட்லர் ஆட்சியில், திடலைப் பெரிதாக்கப்போகிறோம், குரூவோர்ன் காலியாக வேண்டும் என்று உத்தரவு வந்தது. 600க்கும் மேற்பட்ட மக்கள். 1939க்குள் ஊரே காலி. நிலத்துக்குப் பணம் கொடுத்தார்கள். சிலர் அந்தப் பணத்தில் வேறு ஊரில் நிலம் வாங்கினார்கள். பாட்டியின் கணவருக்கு ஸ்டுட்கார்ட்டில் தொழிற்சாலை வேலை கிடைத்தது. நல்ல நிலம் அமையும் வரைக்கும் என்று பணத்தை வங்கியில் போட்டுவிட்டு, இரண்டு பிள்ளைகளோடு ஹெஸ்லாக் பகுதியில் மூன்றாவது மாடிக்குக் குடிவந்தார்கள்.

அமையவே இல்லை. 1942ல் கணவர் ரஷ்யப் போர்முனையில் இறந்தார். 1944ல் குண்டுவீச்சில் ஸ்டுட்கார்ட் நொறுங்கியது. அந்த இடிபாடுகளைப் போருக்குப் பிறகு பிர்கன்கோப் என்ற குன்றின் மேல் கொண்டுபோய்க் கொட்டினார்கள்; குன்றே 40 மீட்டர் உயர்ந்துவிட்டது. இன்றும் உச்சியில் செதுக்கிய தூண்களும் வாசல் கற்களும் அப்படியே கிடக்கின்றன. பிறகு 1948ல் நாணயத்தை மாற்றினார்கள். வங்கிச் சேமிப்பில் 100 பழைய மார்க் இருந்தால் கடைசியில் கைக்கு வந்தது ஆறரை புதிய மார்க். ஒரு பண்ணையின் விலை, ஒரு தையல் இயந்திரம் வாங்கும் அளவுக்குச் சுருங்கிப்போனது என்பார் பாட்டி.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். பழகினாரா? வாழ்ந்தார் தங்கச்சி, ஐம்பது வருடம் வாழ்ந்தார். நகரம் பிடித்துப்போனதா என்றால் இல்லை. கடைசி வரைக்கும் பிடிக்கவில்லை, அதை அவர் ஒளிக்கவும் இல்லை. உங்கள் மாமியாருக்கும் செந்தூல் பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்த ஒரு எதிர்பார்ப்பை விட்டாலே வீட்டில் பாதி இறுக்கம் குறையும்.

பாட்டியைத் தாங்கிப் பிடித்தவை என்று நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். நகர மத்தியில் 1914ல் கட்டிய பெரிய சந்தைக் கட்டடம் ஒன்று உண்டு. அங்கே ஒரு காய்கறிக் கடையில் அவருக்கு வேலை கிடைத்தது. ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே ஃபில்டர் சமவெளியில் கூம்பு மாதிரி முனை வைத்த முட்டைகோஸ் விளையும். அதை ஒரு தட்டுத் தட்டி, உள்ளே அடர்த்தியா, காற்றா என்று சொல்லிவிடுவார். நகரத்துப் பெண்கள் அவரைக் கேட்டுத்தான் வாங்குவார்களாம். மாட்டுக் கொட்டகையிலிருந்து வந்த பெண்ணின் அறிவுக்கு அந்த நகரத்தில் ஒரு விலை இருந்தது.

அடுத்தது, மலைச்சரிவில் ஒரு துண்டு நிலம், குத்தகைக்கு. ஜெர்மன் நகரங்களில் அடுக்குமாடிக்காரர்கள் இப்படிச் சிறு தோட்டம் வைத்துக்கொள்வது பழைய வழக்கம். சங்கம் வைத்து நடத்துவார்கள். 1983ல் அதற்கென்று தனிச் சட்டமே போட்டார்கள்: ஒரு துண்டு 400 சதுர மீட்டருக்கு மிகக் கூடாது, குடிசை 24 சதுர மீட்டர்தான், அதில் குடியிருக்கக் கூடாது. பாட்டியுடையது அதைவிடவும் சின்னது. பீன்ஸ், உருளைக்கிழங்கு, சிவப்புத் திராட்சை போன்ற புளிப்புப் பழப் புதர்கள். எழுபத்தாறு வயதில் நூற்றுக்கணக்கான படிகள் ஏறிப் போவார். ஸ்டுட்கார்ட் முழுக்க மலைச்சரிவுப் படிக்கட்டுதான். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவேன்.

மூன்றாவதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். அந்தப் பக்கத்து அடுக்குமாடிகளில் படிக்கட்டையும் வாசலையும் வாரம் ஒரு வீட்டார் பெருக்கித் துடைக்க வேண்டும். முறை வந்த வீட்டுக் கதவில் ஒரு பலகை தொங்கும். ஸ்டுட்கார்ட்டுக்காரர்கள் இந்த ஒழுங்கை 1492ஆம் வருட நகரச் சட்டம் வரைக்கும் கொண்டுபோய்ப் பேசுவார்கள். மாணவர்களுக்கு அந்தப் பலகையைக் கண்டாலே எரிச்சல். பாட்டிக்கோ அது ஊர்ச் சூளையின் முறை மாதிரி. நாங்கள் குடிவந்த புதிதில், வயதானவராயிற்றே என்று என் கணவர் அவர் முறையையும் சேர்த்துத் துடைத்துவிட்டார். பாட்டி அன்று எங்களோடு பேசவில்லை. மறுநாள் அறைக்கு வந்து, "என் முறையை எடுக்காதீர்கள். அது இல்லாவிட்டால் நான் இந்தக் கட்டடத்தில் யார்?" என்று கேட்டார்.

ஆகவேதான் உங்கள் வரிக்குக் கோடு போட்டேன். நீங்கள் பாசத்தோடுதான் செய்கிறீர்கள், எனக்குத் தெரிகிறது. விடியுமுன் பிரட்டுக்கு (தோட்டத்து ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு) போய்ப் பேர் கொடுத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நடந்த பெண் அவர். நாலு மணிக்கு விழிப்பு வராமல் என்ன செய்யும்? அந்த நேரத்து அடுப்பை அவரிடமே விட்டுவிடுங்கள். காலைப் பசியாறல் அவர் பொறுப்பு, இரவுச் சமையல் உங்கள் பொறுப்பு என்று வாய்விட்டுப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர் இட்டிலி ஊற்றும் முறையில் நீங்கள் தலையிட வேண்டாம், உங்கள் குழம்பில் அவர் தலையிட வேண்டாம்.

இப்படிப் பேசி வைத்துக்கொள்வது மரியாதைக் குறைவு என்று தோன்றலாம். ஜெர்மன் விவசாயக் குடும்பங்கள் பண்ணையை மகனுக்கு மாற்றும்போது பத்திரத்திலேயே எழுதிவிடுவார்கள்: பெற்றோருக்கு எந்த அறை, வருடத்துக்கு எவ்வளவு தானியம், எத்தனை முட்டை, எவ்வளவு பால், எவ்வளவு விறகு, எந்தக் கதவு வழியாகப் போய்வர உரிமை. பாசம் இருக்கும்போதே எழுதிவிட்டால், மனஸ்தாபம் வரும் நாளில் யாரும் யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. எனக்கு அது மிகவும் சரியான ஏற்பாடாகத் தெரிகிறது.

முருங்கை விஷயத்தில் நிர்வாகம் சொல்வது நியாயம்தான். நடைபாதை எல்லோருக்கும் பொது. தீ விபத்து என்றால் ஓடும் வழியும் அதுவே. டின்களை எடுத்துவிடுங்கள். ஆனால் எடுப்பதற்கு முன்னால் வேறு இடம் பார்த்து வையுங்கள். கட்டட நிர்வாகத்திடமோ உங்கள் பகுதி ருக்குன் தெத்தாங்காவிடமோ (அக்கம்பக்கத்தார் சங்கம்) கீழே காலி இடம் கேளுங்கள். கோலாலம்பூரில் சமூகத் தோட்டங்கள் இப்போது இருக்கின்றன; பங்சாரில் கெபுன் கெபுன் பங்சார் என்று ஒன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். ஐந்து முழ நிலம் கிடைத்தால் போதும், அவரைக் கேட்டுத்தான் பக்கத்து வீட்டுக்காரர்கள் வெண்டை நடுவார்கள்.

நீங்கள் எழுதிய பாட்டி பருப்புச் சாப்பிடுவார் என்றீர்களே, ஜெர்மனியில் பருப்பா? எப்படிச் சமைப்பார்கள்?
– வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

ஆல்ப் மேட்டில் பருப்புத்தான் ஏழைகளின் பலம். பருப்புக் கொடி தானாக நிற்காது என்பதால் ஓட்ஸ் அல்லது பார்லியோடு கலந்து விதைப்பார்கள். கொடி அதைப் பிடித்து ஏறும். அறுத்தபிறகு இரண்டையும் சலித்துப் பிரிக்க வேண்டும், அது பெண்கள் வேலை. கூலி கட்டுபடியாகாமல் 1950, 60களில் அந்தப் பயிரே ஆல்ப்பிலிருந்து மறைந்துவிட்டது. பழைய விதை எங்குமே இல்லை என்று நினைத்திருந்தார்கள். 2006ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து வாவிலோவ் விதை நிலையத்தில் அந்த ஆல்ப் பருப்பைக் கண்டுபிடித்துத் திரும்பக் கொண்டுவந்து, இப்போது மறுபடி விளைவிக்கிறார்கள். பாட்டி இருந்து பார்த்திருக்க வேண்டும்.

சமையல் எளிது. தோல் நீக்காத முழு மைசூர் பருப்பு ஒரு குவளை. நம் லெபு பாசார் மளிகைக் கடைகளில் கிடைக்கும். பிரிஞ்சி இலை போட்டுக் குழையாமல் வேகவிடுங்கள். இன்னொரு சட்டியில் வெண்ணெயில் வெங்காயமும் கேரட்டும் வதக்கி, ஒரு கரண்டி கோதுமை மாவைப் போட்டுப் பழுப்பாகும் வரை கிளறி, பருப்பைத் தண்ணீரோடு அதில் ஊற்றுங்கள். உப்பு, மிளகு. இறக்கும்போது ஒரு கரண்டி காடி (வினிகர்). அந்தக் காடிதான் முக்கியம், விட்டுவிடாதீர்கள். அவர்கள் முட்டையும் மாவும் பிசைந்து, பலகையிலிருந்து கத்தியால் கொதிநீரில் சீவிப்போட்ட நூடுல்ஸோடும் சாசேஜோடும் சாப்பிடுவார்கள். நான் இரண்டு காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போடுவேன். பாட்டி ஒரு நாள் அதையும் சாப்பிட்டுப் பார்த்து, தண்ணீர் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டார்.

என் வயது 49. கணவருடைய காய்கறித் தோட்டத்தில் கல்யாணமான நாள் முதல் வேலை செய்கிறேன். சம்பளம் என்று ஒன்று கிடையாது, என் பெயரில் சேமிப்பும் இல்லை. கேட்டால் "எல்லாம் நம்முடையதுதானே" என்கிறார். ஜெர்மனியில் விவசாயி மனைவிக்கு ஏதாவது உரிமை உண்டா? உங்கள் பாட்டி எதை வைத்துப் பிழைத்தார்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

உங்கள் கேள்வி என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. பாட்டியும் இதே வார்த்தைகளைக் கேட்டு வளர்ந்தவர்.

மேற்கு ஜெர்மனியில் விவசாயிகளுக்கு முதுமைக்கால உதவித்தொகைச் சட்டம் 1957ல் வந்தது. பண்ணையை அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றினால்தான் பணம். கூடவே மாடு கறந்து, களை எடுத்து, பிள்ளை பெற்ற மனைவிக்குத் தன் பெயரில் தனி ஓய்வூதியம் வர 1995 வரைக்கும் ஆயிற்று. அந்த வருடத்துச் சீர்திருத்தத்தில்தான் விவசாயியின் மனைவியும் காப்புறுதி பெற்றவராகப் பதிவாகி, சொந்த ஓய்வூதிய உரிமை பெற்றார். ஏறக்குறைய நாற்பது வருடம் பாருங்கள்.

பாட்டிக்குச் சந்தை வேலையின் ஓய்வூதியமும் போர் விதவைப் பணமும் வந்தன. ஊரில் உழைத்த வருடங்களுக்கு ஒரு காசு இல்லை. பிள்ளை வளர்த்த காலத்தையும் ஓய்வூதியக் கணக்கில் சேர்க்கும் சட்டம் 1986ல் வந்தபோது, 1921க்கு முன் பிறந்த பெண்களை விட்டுவிட்டார்கள். போரைச் சுமந்த தலைமுறையே அதுதான். நாடு முழுக்கப் பெண்கள் கொதித்தெழுந்த பிறகு, மூத்தவர்களிலிருந்து தொடங்கிப் படிப்படியாகக் கொடுத்தார்கள். 1909ல் பிறந்த பாட்டிக்கு 1988 அக்டோபரில்தான் முறை வந்தது. சிறிய தொகை. கடிதத்தை என்னிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். அந்தப் பணத்தை வீட்டுச் செலவில் கலக்கவே இல்லை. தனிச் சேமிப்புப் புத்தகம் போட்டு வைத்துக்கொண்டார்.

நீங்கள் நாற்பது வருடம் காத்திருக்க வேண்டாம். 2022 டிசம்பர் முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் இல்லத்தரசிகளுக்கான சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) திட்டம் நடைமுறையில் இருக்கிறது. வருடத்துக்கு 120 வெள்ளி (ரிங்கிட்); 55 வயதுக்குள் பதிவு செய்ய வேண்டும். வீட்டு வேலையில் விபத்து, உடல் இயலாமை இவற்றுக்குப் பாதுகாப்பு உண்டு. நீங்கள் தோட்டத்திலும் உழைப்பதால், உங்களுக்கு எந்தத் திட்டம் பொருந்தும் என்று சொக்சோ அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். ஊழியர் சேமநிதியில் சம்பளம் இல்லாதவர்களும் சுயமாகப் பணம் செலுத்தலாம். தகுதி இருந்தால் அரசாங்கமும் அதற்கு மேல் கொஞ்சம் சேர்க்கிறது. மாதம் ஐம்பது வெள்ளி என்றாலும் உங்கள் பெயரில் போகட்டும். கணவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். எல்லாம் நம்முடையது என்கிறார் அல்லவா? அப்படியானால் என் பெயரிலும் கொஞ்சம் இருக்கலாமே என்று சொல்லிவிட்டு, இரண்டு பேருமாகச் சேமநிதி அலுவலகத்துக்குப் போய் வாருங்கள். மறுத்தாரானால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

குரூவோர்ன் மக்கள் வருடா வருடம் கூடுவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் தோட்டமும் போய்விட்டது. செம்பனை நட்டார்கள், பிறகு அதையும் வெட்டி வீடு கட்டிவிட்டார்கள். ஆளுக்கொரு மூலையில் இருக்கிறோம். இழவு வீட்டில்தான் சந்திக்கிறோம். அவர்களால் எப்படி முடிந்தது?
– வாசகர், நிபோங் திபால்

ஐயா, என் ஊர்ப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். வணக்கம்.

அவர்களுக்கு ஒரு நாள் இருந்தது. ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகொஸ்தே திருநாள். போருக்குப் பிறகும் அந்த நிலம் ராணுவத்திடம்தான் இருந்தது, வீடுகள் பயிற்சியில் இடிந்து போயின. தேவாலயமும் பள்ளிக்கூடமும் கல்லறைத் தோட்டமும்தான் எஞ்சின. ராணுவத்திடம் அனுமதி வாங்கி அந்த நாளில் கூடினார்கள். தேவாலயக் கூரையும் விழத் தொடங்கியதும் குழு அமைத்து, பணம் திரட்டி, 1970களில் பழுது பார்த்துவிட்டார்கள்.

1986ல் பாட்டி என்னையும் அழைத்துப் போனார். தேவாலய வாசலில் நின்று, இத்தனை அடி நேராக, இத்தனை அடி இடப்பக்கம் என்று எண்ணிக்கொண்டே நடந்து, புல்லும் கல்லுமான ஓர் இடத்தில் நின்று "அடுப்பங்கரை" என்றார். பிறகு நீள மேசைகளில் கேக்கும் காப்பியும். ஊரை விட்டுப் போனபோது குழந்தையாக இருந்தவர்களும் வந்திருந்தார்கள், பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். யார் வயல் வரப்பை யார் வெட்டினார் என்று ஐம்பது வருடத்துப் பழைய வழக்கு ஒன்று சூடாக நடந்துகொண்டிருந்தது. பாட்டி அதில் கலந்துகொண்டு குரலை உயர்த்திப் பேசினார். ஸ்டுட்கார்ட்டில் ஒரு நாளும் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. 2005ல் பயிற்சித் திடலை மூடிவிட்டார்கள். 2009ல் அந்த மேட்டுப் பகுதியை யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. வெடிக்காத குண்டுகள் மண்ணில் இருப்பதால் குறித்த பாதையில்தான் நடக்கலாம்.

உங்களுக்கும் ஒரு நாளை முடிவு செய்யுங்கள். தோட்டத்து மாரியம்மன் கோயில் இன்னும் நிற்கிறதென்றால் அதன் திருவிழா நாளே போதும். கோயிலும் இல்லை என்றால், தோட்டத் தமிழ்ப்பள்ளி வேறு இடத்துக்குப் பெயர்ந்து அதே பெயரில் நடக்கிறதா என்று விசாரியுங்கள். பல பள்ளிகள் அப்படி நடக்கின்றன, மண்டபம் கேட்டால் கொடுப்பார்கள். வாட்ஸ்அப் குழு தொடங்கும் பொறுப்பை இளையவர் ஒருவரிடம் கொடுங்கள். ஆனால் பேர்ப் பட்டியல் உங்கள் வயதுக்காரர்கள் கையால் எழுதப்பட வேண்டும்: எந்த லயத்தில் எத்தனையாவது வீடு, யார் குடியிருந்தார், பிள்ளைகள் எங்கே. தண்டல் (கண்காணி), கிராணி (எழுத்தர்), பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகை ஆயா, யாரையும் விடாதீர்கள். முதல் வருடம் பத்துப் பேர்தான் வருவார்கள், சோர்ந்துவிட வேண்டாம். தேதி முடிவானதும் எனக்கு எழுதுங்கள், இந்தப் பக்கத்தில் போடுகிறேன். செந்தூல் வாசகியின் மாமியார் போலத் தோட்டத்தை விட்டுப் போனவர்கள் இதைப் படிக்கிறார்கள்.